செண்டைபோல் இழுத்துக் கட்டிய வலை

தலைச்சேரியில் சர்க்கஸ் போடுவது, சமையல்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்கப் போகிற மாதிரி. வெளியூரில் ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். சர்க்கஸ்காரர்கள் பிறந்து வளர்ந்த இந்த ஊரில் அப்படியா? முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் ஒரு காலத்தில் ஊஞ்சல் பாரில் தலைகீழாகத் தொங்கியவராக இருப்பார். பக்கத்தில் இருக்கிற அம்மாள் சைக்கிளில் போய்க்கொண்டே தோளில் நாலு பேரைச் சுமந்தவளாக இருப்பாள். கைதட்டுவதற்கு முன்னால் குற்றம் பார்ப்பார்கள். "கால் விரல் நீளவே இல்லையே, என்னடா ஆட்டம் இது?" என்று நம் காதில் விழும்படியே கேட்பார்கள். அதனால் கம்பெனி தலைச்சேரிக்கு வந்தால் கோமாளிகூட முகத்தில் கொஞ்சம் கூடுதலாக மாவு பூசுவான்.

வலைக்காரன் சுகுணன் என்ன செய்வான்? வலையை இன்னும் ஒரு சுற்று இறுக்குவான்.

பார் ஆட்டக்காரர்கள் உச்சியில் பறந்து பறந்து ஆடிவிட்டு, கடைசியில் ஒவ்வொருவராக முதுகு படும்படி கீழே விழுவார்களே, அந்த வலை அவன் பொறுப்பு. அதன் ஓரக் கயிறுகளைக் கப்பியில் போட்டு இழுத்து, தரையில் அடித்த இரும்பு முளைகளில் கட்டுவான். கட்டிவிட்டுக் கயிற்றை உள்ளங்கையால் ஓர் அடி அடிப்பான். டங் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அவிழ்த்து மறுபடி இழுப்பான். "வலைன்னா செண்டை மேளம் மாதிரி விறைப்பா இருக்கணும்" என்பது அவன் வாயில் எப்போதும் இருக்கிற வாக்கியம்.

கம்பெனியில் இதற்கு மறுபேச்சு கிடையாது. தொய்ந்த வலை என்றால் சோம்பேறி வலைக்காரன் என்று அர்த்தம். தொய்ந்த கயிறுதான் வெடுக்கென்று இழுபடும், வெடுக்கென்று இழுபட்டால்தான் முளை பிடுங்கிக்கொண்டு வரும், இறுக்கமான கயிறு அசையவே அசையாது, பிறகு எப்படிப் பிடுங்கும்? எங்கள் எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும். சமையல் கூடாரத்தில் உலை வைப்பவனைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பான்.

அந்த வலையில் தினமும் மூன்று ஆட்டத்துக்கும் வந்து விழுகிறவள் அவன் பெண்டாட்டி வனஜா.

வனஜா கூத்துப்பறம்புப் பக்கத்துப் பெண். சின்ன வயதில், வீட்டில் சோற்றுக்கு வழியில்லாமல் கம்பெனிக்கு வந்தவள். உடம்பு வளைந்தது, பயம் இல்லை, பாருக்கு ஏற்றிவிட்டார்கள். மேலே போனால் அவள் பட்டாம்பூச்சி. கீழே வந்தால் சரியான வாயாடி. இருபத்தொன்றில் சுகுணனைக் கட்டிக்கொண்டாள். இப்போது இருபத்தொன்பது. முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. பார் ஆட்டத்தில் இருபத்தொன்பது என்பது ஆபீஸ்காரனுக்கு ஐம்பத்தெட்டு. இறங்கிய பெண்ணுக்குக் கம்பெனியில் நாய்க்குட்டிகளைக் குளிப்பாட்டுகிற வேலைதான் மிச்சம். "எனக்கு நாய் வேண்டாம், பிள்ளைங்க வேணும். பால்வாடி டீச்சராப் போறேன்" என்று சொல்லித் தபால் வழியில் பிளஸ் டூ படித்தாள். மற்றதெல்லாம் தேறியாயிற்று, இங்கிலீஷ்கூட. இயற்பியல் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது.

ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில், ஜிகினா உடைக்கு மேலே ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, பால் விடாத கட்டன் சாயாவும் கையுமாக வலைப்பக்கம் உட்கார்ந்து படிப்பாள். அப்படி ஒரு நாள் வெக்டர் பாடத்தில் ஒரு கணக்கு வந்தது. இரண்டு சுவருக்கு நடுவே ஓர் இழுபடும் கயிறு. நடுவில் ஓர் எடை தொங்குகிறது. கயிற்றில் இழுவிசை எவ்வளவு? கூடவே ஒரு படம். படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து வலையைப் பார்த்தாள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அச்சு அசல் அதே படம்.

அடடே, நம்ம வீட்டுக் கணக்கு! உற்சாகமாகப் போட ஆரம்பித்தாள். எடைக்குக் கீழ்நோக்கி ஓர் அம்பு. இரண்டு பக்கக் கயிற்றுக்கும் சாய்வாக ஆளுக்கோர் அம்பு. சாய்ந்த அம்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: பக்கவாட்டில் இழுக்கிற பங்கு ஒன்று, மேலே தூக்குகிற பங்கு ஒன்று. பக்கவாட்டுப் பங்குகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்பதோடு சரி, எடையைத் தூக்க அவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை. தூக்குவதெல்லாம் மேல்நோக்கிய பங்குதான். கயிறு நன்றாகத் தாழ்ந்து முப்பது டிகிரி சாய்ந்திருந்தால், ஒவ்வொரு பக்கமும் எடை அளவுக்கே இழுத்தால் போதும். கயிறு தட்டையாக, ஆறு டிகிரி மட்டும் சாய்ந்திருந்தால்? மேல்நோக்கிய பங்கு துளியூண்டு. அந்தத் துளியைக்கொண்டே முழு எடையையும் தூக்க வேண்டுமென்றால் கயிறு எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும்! கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்று விடை வந்தது.

தப்பாகப் போட்டுவிட்டோம் என்றுதான் நினைத்தாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி விடையைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இயற்பியலில் ஒரு விடை சரியாக வந்திருக்கிறது, பெண்ணுக்குச் சந்தோஷமில்லை. இறுக்க இறுக்க முளையின் தலையில் சுமை ஏறுகிறது என்றல்லவா கணக்கு சொல்கிறது?

சாயங்கால ஆட்டம் முடிந்ததும் புருஷனிடம் போனாள்.

"ஏட்டா, வலையைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினா என்ன?"

சுகுணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவள் 'கூடாரத்துக்குத் தூண் வேண்டாம்' என்று சொன்ன மாதிரி பார்த்தான்.

"எதுக்கு?"

அவள் மணலில் குச்சியால் அம்பு போட்டுக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான், தலையைச் சொறிந்தான், சிரித்தான்.

"இந்தப் புத்தகத்தை எழுதினவன் எந்தக் கம்பெனி? வந்து ஒரு தடவை குதிக்கச் சொல்லு. அப்புறம் தளர்த்தறேன்."

"கிண்டல் பண்ணாதீங்க. கணக்கு பொய் சொல்லுமா?"

"ரெண்டு தடவை உன்னை ஃபெயிலாக்கின கணக்குதானே?"

"இந்த வாய் மட்டும் இல்லைன்னா உங்களை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். சரி, இதைச் சொல்லுங்க. நான் துணி காயப்போடக் கொடி கட்டும்போது என்ன சொல்றீங்க? 'ரொம்ப இழுத்துக் கட்டாதே, ஈரத் துணி போட்டா குச்சி பிடுங்கிக்கும்'னு சொல்றீங்களா இல்லையா?"

"அது கொடி. இது வலை."

"ரெண்டும் கயிறுதானே!"

"அடியே, எனக்கே பாடம் நடத்தாதே." அவன் குரல் மாறிவிட்டது. "ஜபல்பூர்ல அவ்வளவு பெரிய விபத்து நடந்துச்சே, அன்னைக்கும் என் வலை செண்டை மாதிரி இருந்தது. யாராலேயும் என் வலையைப் பார்த்து ஒரு சொல் சொல்ல முடியலை. தெரியுமா?"

ஜபல்பூர் என்று சொல்லிவிட்டால் வனஜா மேலே பேசமாட்டாள். யாருமே பேசமாட்டோம்.

பன்னிரண்டு வருஷம் முன்னால் நடந்தது அது. சுகுணனும் அவன் தம்பி பவித்ரனும் அதற்கு முன்பு பார் ஆட்டத்தில் பேர்பெற்ற ஜோடியாக இருந்தவர்கள். அண்ணன் பிடிப்பவன், தம்பி பறப்பவன். சுகுணனுக்குத் தோள் விலகிப்போய், பாரை விட்டு இறங்கி, வலைக்காரனாக ஆன புதிது. ஜபல்பூரில் மழைக்காலத்து முகாம். ஆட்டம் முடிந்து பவித்ரன் விழுந்தான். அந்த நொடியில் ஒரு பக்க முளை மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது. வலை அவனையும் சேர்த்துத் தரையில் அடித்தது. இடுப்பும் வலது காலும் போயிற்று. வலை சரியாக இருந்தது என்று எல்லோருமே பார்த்திருந்தார்கள். வலை சரி என்றால் தப்பு யாருடையது? விழுந்தவனுடையதுதான். கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டதால் அவன் விழுந்த விதத்தைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. முதுகு படும்படி விழாமல் காலை ஊன்றி மூட்டை மாதிரி விழுந்திருப்பான் என்றார்கள். முந்தின நாள் குடித்தானாம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்த பவித்ரனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அவனும் 'ஆமாம், நான்தான் தப்பா விழுந்தேன்' என்று ஒத்துக்கொண்டான். இப்போது தலைச்சேரி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஊன்றுகோலும் காற்றடிக்கும் பம்புமாக பஞ்சர் கடை வைத்திருக்கிறான்.

மறுநாள் காலையில் வனஜா அந்தக் கடைக்குப் போனாள். ஜபல்பூரைப் பற்றிப் பேசுவதற்கு இல்லை. பாடத்தில் அடுத்த பக்கத்தில், இழுத்தால் நீளுகிற பொருள்களைப் பற்றி இருந்தது. ரப்பர் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவுக்குத் திருப்பி இழுக்கும். கயிற்றுக்கும் முளைக்கும் நடுவில் ரப்பரை வைத்தால், ஆள் விழும்போது அது நீண்டுகொடுக்கும், வலை தாழும், கயிறு சாயும், சாய்ந்தால் முளைக்குச் சுமை குறையும். பழைய வலைக்காரர்கள் லாரி டியூபை வெட்டி அப்படிக் கட்டியிருந்ததும், 'ஊஞ்சல் மாதிரி ஆடுது' என்று சுகுணன் அவிழ்த்து எறிந்ததும் அவளுக்கு நினைவிருந்தது. டியூப் வேண்டுமென்றால் பவித்ரனை விட்டால் யார்?

"வாங்க ஏட்டத்தி!" என்றான் பவித்ரன். அண்ணன் பெண்டாட்டியைக் கண்டால் அவனுக்கு முகம் மலர்ந்துவிடும். "என்ன, கடைசியில புத்தி வந்து புருஷனை விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"விட்டுட்டு வந்தா உங்க கடையில வேலை கொடுப்பீங்களா, பவியேட்டா?"

"கொடுப்பேன். ஆனா ஃபிசிக்ஸ் ஃபெயிலானவங்களுக்குச் சம்பளம் பாதிதான்."

டியூப் எதற்கு என்று அவள் சொன்னதும் அவனுக்கும் செய்து பார்க்க ஆசை பிறந்துவிட்டது. கடையில் பழைய இரும்பு எடை போடுகிற கொக்கித் தராசு ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டான். கடைத் தூணுக்கும் எதிரே இருந்த தென்னை மரத்துக்கும் நடுவே கயிறு கட்டி, ஒரு முனையில் தராசைக் கோத்து, கயிற்றின் நடுவில் நாலு கிலோ இரும்பு ஜாக்கியைத் தொங்கவிட்டார்கள். முதலில் அவன் தன் முழு பலத்தோடு இழுத்துக் கட்டினான். தராசு பதினைந்தைக் காட்டியது.

"அய்யோ, தராசு கெட்டுப்போச்சு" என்றான்.

"கெட்டுப்போகலை. தளர்த்துங்க."

தளர்த்தினான். ஜாக்கி நன்றாகக் கீழே இறங்கியது. தராசு நாலு. பிறகு மறுபடி இழுத்து, நடுவில் டியூப் துண்டைச் சேர்த்துக் கட்டினார்கள். ரப்பர் நீண்டு, ஜாக்கி இறங்கி, தராசு ஆறில் வந்து நின்றது. பவித்ரன் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தான். தெருவில் போன இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்த நாலு கிலோ சனியன் பதினைஞ்சு கிலோவுக்கு இழுக்குதா? அடேயப்பா! பாருங்க ஏட்டத்தி, ஒழுங்கா விழறவனுக்கே முளை இந்தப் பாடு படுது. நான் வேற மூட்டை மாதிரி விழுந்திருக்கேன். ஜபல்பூர் முளை என்ன பண்ணும் பாவம்!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். வனஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மழைக்கு ஊறிய மண், செண்டை மாதிரி இழுத்த வலை, மேலே இருந்து வருகிற ஓர் ஆள். அவன் எப்படி விழுந்திருந்தால் என்ன? பூ மாதிரி விழுந்திருந்தாலும் அந்த முளை நின்றிருக்காது. இவன் பன்னிரண்டு வருஷமாக யாருடைய தப்பைத் தலையில் சுமந்துகொண்டு சிரிக்கிறான்?

வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டாள். சொன்னால் இவன் மனசு ஆறும். ஆனால் அங்கே ஒருத்தன், 'அன்னைக்கும் என் வலை சரியாக இருந்தது' என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் சாப்பிடுகிறான், தூங்குகிறான். அதையும் பிடுங்கிவிட்டால் அந்த மனுஷனுக்கு என்ன இருக்கிறது? டியூப் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வரேன் பவியேட்டா" என்று எழுந்தாள். வழியெல்லாம் அழுதாள். பாவம், அவளும்தான் என்ன செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. துலாம் என்கிற ஐப்பசி மாதத்து இடிமழை முந்தின நாளே கொட்டித் தீர்த்திருந்தது. தலைச்சேரிக் கடற்கரை மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, முளை அடித்தால் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். அன்றைக்குத்தான் எங்கள் உறவுக்காரர்கள் எல்லோரும் ஆட்டம் பார்க்க வருகிற நாள். சுகுணன் காலையிலிருந்தே வலையோடு மல்லுக்கு நின்றான். கப்பியில் போட்டு இழுத்து, இன்னொரு சுற்று இழுத்து, கயிற்றை அடித்தான். டங்! கூடாரம் முழுக்கக் கேட்டது.

காலை ஒத்திகைக்கு எல்லோரும் ஏணியில் ஏறினார்கள். வனஜா ஏறவில்லை. ஏணியடியில் பையோடு நின்றாள்.

"என்ன மோளே, காலா?" என்று கேட்டார் முதலாளி அச்சுதன். நல்ல மனுஷர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எல்லாம் தீர்ந்திருந்தது, அந்தக் கவலை அவருக்கு.

"கால் நல்லாத்தான் இருக்கு முதலாளி. இந்த ரப்பரைப் போட்டுக் கட்டினாத்தான் ஏறுவேன்."

சுகுணன் முகத்தில் ஈயாடவில்லை. ஒத்திகைக்கு வந்த அத்தனை பேருக்கும் முன்னால், கட்டின பெண்டாட்டியே வலையை நம்பமாட்டேன் என்கிறாள். வலைக்காரனுக்கு அதைவிடக் கேவலம் உண்டா?

"பையை எடுத்துட்டுப் போ வனஜா."

"போகமாட்டேன்."

"எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதே. இத்தனை வருஷமா என் வலையிலதானே விழறே? ஒரு கீறல் விழுந்திருக்கா?"

"மண்ணு காய்ஞ்சிருந்தது, பிழைச்சேன். இன்னைக்கு மண்ணைப் பாருங்க ஏட்டா. உங்க கையைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

"மண்ணுக்குத் தகுந்த மாதிரி முளையை ஆழமா அடிச்சிருக்கேன். என் வலையைக் குறை சொல்ல ஒருத்தன் பிறக்கலைடி. ஜபல்பூர்ல, என் கூடப்பிறந்தவன் விழுந்த அன்னைக்குக்கூட, வலை செண்டை மாதிரி..."

"அதனாலதான்!" என்று கத்தினாள் வனஜா. "அதனாலதான் முளை வந்துச்சு! செண்டை மாதிரி இருந்ததாலதான்!"

கத்தின பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன புண்ணியம்? மேலே பாரில் நின்றவர்கள் அசையவில்லை. முதலாளி எதையோ தேடுகிற மாதிரி சட்டைப் பையில் கையை விட்டார். சுகுணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

பிறகு அவன் போய் ஒரு மணல் மூட்டையைத் தூக்கிவந்தான். அதைக் கயிற்றில் கட்டி, ஆள் குதிக்கிற உயரத்துக்கு ஏற்றச் சொன்னான். தான் போய் முளைக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்துகொண்டு, "விடுங்க" என்றான்.

மூட்டை வந்து விழுந்தது. வலை கொஞ்சமும் தாழாமல் அதைத் தூக்கி எறிந்தது. முளை முன்பக்கம் சாய்ந்து, அதன் பின்னால் மண்ணில் கைவிரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது. இதையெல்லாம் அவன் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கும்போது எந்த வலைக்காரன் முளையைப் பார்ப்பான்? விழுகிற ஆளைத்தானே பார்ப்பான்?

முளையைப் பிடுங்கி, புதிய இடத்தில் அடித்தான். வனஜாவிடம் வந்து கையை நீட்டினான். அவள் பையைக் கொடுத்தாள். ஒவ்வொரு மூலையிலும் டியூபைக் கோத்து, கயிற்றைத் தளர்த்திக் கட்டினான். வலை நடுவில் தொய்ந்து தொங்கியது, பார்க்கவே அசிங்கமாக. மறுபடி மூட்டையை விடச் சொன்னான். வலை ஆழமாகக் கீழே போய், மூட்டையை மடியில் ஏந்துகிற மாதிரி ஏந்தி, மெல்ல மேலே கொண்டுவந்தது. முளைக்குப் பின்னால் மண்ணில் ஒரு கோடுகூட விழவில்லை. சுகுணன் அந்த மண்ணைக் கையால் தடவித் தடவிப் பார்த்தான். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று மூன்று ஆட்டமும் நடந்தது. "வலை என்னடா கிழிஞ்ச பாய் மாதிரி தொங்குது?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்கத்தான் செய்தார். சுகுணன் திரும்பிப் பார்க்கவில்லை. வனஜா விழுந்தபோது அவன் முளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சையில் அவள் தேறினாளா என்று கேட்பீர்கள். தேறினாள், அதுவும் சொற்ப மார்க்கில். அதைப் பற்றி அவளே அலட்டிக்கொள்ளவில்லை, நமக்கென்ன?

திங்கட்கிழமை ஆட்டம் இல்லை. காலையில் சுகுணன் சவரம் செய்துகொள்ளாமலே வேட்டி மாற்றினான். "பவியைப் பார்க்கப் போறேன். நீயும் வா" என்றான். அதுதான் முந்தின நாளிலிருந்து அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"ஏட்டா, நான் கோபத்துல சொன்னது. அவர்கிட்டப் போய் எதுவும்..."

"நீ சரியாத்தான் சொன்னே. வா."

பவித்ரன் ஒரு சைக்கிள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரப்பர் தாங்குச்சா ஏட்டா?"

"தாங்குச்சு."

"நான் சொல்லலே? லாரி டியூபுன்னா சும்மாவா! உட்காருங்க, சாயா சொல்றேன்."

"சாயா வேண்டாம் பவி." சுகுணன் உட்காரவில்லை. "ஜபல்பூர்ல நீ தப்பா விழலைடா."

பவித்ரன் சிரித்தான். "பழைய கதையை விடுங்க ஏட்டா. என்னத்துக்கு இப்போ?"

"நீ எப்படி விழுந்திருந்தாலும் அந்த முளை வந்திருக்கும். வலை அவ்வளவு இறுக்கம். இறுக்கினது நான். நேத்து என் கண்ணால பார்த்தேன்." அவன் தம்பியின் ஊன்றுகோலைப் பார்த்தான். "ஆனா நீ தப்பாவும் விழலைடா. முதுகாத்தான் விழுந்தே. கையை விரிச்சு, தாடையை நெஞ்சோட ஒட்டவச்சு, நடு வலையில."

"யாரும் பார்க்கலைன்னுதானே சொன்னாங்க?"

"நான் பார்த்தேன்."

பவித்ரனின் கை தொட்டித் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"பார்த்தேன்டா. ஆனா வலை சரி, நீ விழுந்ததும் சரின்னா, முளை ஏன் வந்துச்சுன்னு எனக்குப் புரியலை. எல்லாரும் நீ காலை ஊன்றி விழுந்தேன்னாங்க. அப்போ நான் பார்த்ததுதான் தப்பா இருக்கும்னு நினைச்சேன். என் கண்ணை நம்பலை. வலையை நம்பினேன்."

ஒரு ரயில் போயிற்று. கேட்டில் நின்ற வண்டிகள் எல்லாம் கிளம்பிப் போயின. வனஜா தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குடிச்சிருந்தேன்னு சொன்னாங்களே ஏட்டா?" என்று பவித்ரன் மெதுவாகக் கேட்டான்.

"நீ குடிக்கலை. எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாமப் போச்சே. எல்லாரும் சொல்லிச் சொல்லி, குடிச்சேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு." அவன் அண்ணனை நிமிர்ந்து பார்த்தான். "முதுகா?"

"முதுகுதான்டா."

"நடுவிலேயா?"

"நட்ட நடுவில."

பவித்ரன் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைக்கத் துடைக்க வழிந்தது.

"அம்மா இருந்த வரைக்கும் என்கிட்ட வேற ஒண்ணுமே கேட்கலை ஏட்டா. போன வருஷம் உயிர் போற அன்னைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஏன்டா மோனே, நீ ஒழுங்கா விழலே'ன்னுதான் கேட்டாங்க. அவங்களும் சர்க்கஸ்காரிதானே, அவங்களால அதைத் தாங்க முடியலை. நானும், 'தப்புதான் அம்மா, மன்னிச்சிடுங்க'ன்னு சொன்னேன்."

சுகுணன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வனஜா போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பவித்ரன் ஊன்றுகோலை எடுத்துக் கஷ்டப்பட்டு எழுந்தான், கடைப் பலகையை இழுத்து மூடினான், அண்ணனுக்கு முன்னால் வந்து கையை நீட்டினான்.

"எழுந்திருங்க ஏட்டா. வீட்டுக்குப் போவோம். தோட்டத்துல அம்மாவை எரிச்ச இடத்துல நின்னு இதை நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அவங்க நம்பமாட்டாங்க."